அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சேர்க்கைப் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

பிள்ளை மலேசிய விளையாட்டுப் போட்டியான சுக்மாவுக்கு மாநில அணியில் தேர்வாகிவிட்டான், பள்ளிகளின் தேசியப் போட்டியான எம்.எஸ்.எஸ்.எம். இறுதிச் சுற்றுக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் பெற்றோரின் வாட்சாப்புக்கு ஒரு செய்தி வந்து சேர்கிறது. அமெரிக்காவில் உபகாரச் சம்பளத்தோடு இடம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தச் சேவையை விற்பவர்கள் பல வகை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு உள்ளூரில் ஆள் பிடிப்பவர் ஒருவகை. தனியாகச் செய்யும் முன்னாள் பயிற்றுநர் ஒருவகை. மேற்படிப்பு ஆலோசனையோடு இதையும் சேர்த்துக்கொண்ட அலுவலகம் இன்னொரு வகை. விலையைப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில், ஆயிரக்கணக்கில் சொல்வார்கள். நான்கு வெள்ளியால் பெருக்கிப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு அது கார் வாங்கக் கட்டும் முன்பணம்.

எந்த நிறுவனத்தின் பெயரும் இங்கே வராது. பேக்கேஜைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் விலைக்குத் தகுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். தாளைப் படித்தால் ஏறக்குறைய எல்லாரிடமும் ஒரே சரக்குதான்: இணையத்தில் ஒரு சுயவிவரப் பக்கம், வெட்டி ஒட்டிய காணொளி, நூற்றுக்கணக்கான பயிற்றுநர்களுக்கு மின்னஞ்சல், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கத்தின் தகுதி மையத்தில் (பிள்ளை ஆடத் தகுதியானவரா என்று பார்க்கும் இடம்) கணக்குத் திறப்பது, வரும் பதில்களைப் பேசி முடிப்பது. இவற்றில் பெரும்பகுதியைக் குடும்பமே செலவில்லாமல் செய்துகொள்ளலாம். காசு கொடுத்தே ஆக வேண்டிய வேலைகளும் சில உண்டு. அவற்றைத்தான் பேக்கேஜ்கள் தொடுவதில்லை.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற வரி. ‘கிடைக்கும் உபகாரச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு’, ‘பாதி இப்போது, உதவித்தொகையோடு இடம் கிடைத்தபின் பாதி’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கிடைத்தால்தானே கொடுக்கிறோம் என்று தோன்றும். என்.சி.ஏ.ஏ. விதி இதை ஏற்பதில்லை. மாணவரின் மதிப்பெண், ஆட்டப் பதிவு, உயரம், எடை போன்ற விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைக்க ஒருவருக்குக் காசு கொடுக்கலாம். ஆனால் அந்தக் கட்டணம், உதவித்தொகையோடு இடம் வாங்கித் தந்ததைப் பொறுத்து அமையக்கூடாது. அமைந்தால் அவர் சேவை தருபவர் என்ற நிலையைத் தாண்டி ஏஜெண்ட் ஆகிவிடுகிறார், பிள்ளையின் ஆடும் தகுதிக்கே ஆபத்து வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பற்றித் தகுதி மையம் கேள்வி கேட்கும். கையெழுத்துப் போட்டது பிள்ளையும் பெற்றோரும் என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தாம். ஆகவே விழுக்காட்டுக் கட்டணம் கேட்கும் பேக்கேஜை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அங்கேயே மடித்து வைத்துவிடுங்கள். நிலையான கட்டணம், செய்யும் வேலைக்கு ஏற்ற கட்டணம் என்றால் தொடர்ந்து பேசலாம்.

விற்பவருக்கு விஷயம் தெரியுமா என்று சோதிக்க ஒரு சின்னக் கேள்வி போதும்: பிள்ளை கடைசியில் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவாள்? ‘நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ என்று பதில் வந்தால் அவர் பழைய பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார். 2024 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டது. இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் செல்லும்.

அடுத்தது, பிள்ளையின் விளையாட்டுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்பது. இது தெரியாமலே பணம் கட்டுகிற குடும்பங்கள் இருப்பதுதான் வருத்தம். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு ஆடும் பூப்பந்து என்.சி.ஏ.ஏ. விளையாட்டே கிடையாது; அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அது மன்ற அளவில்தான் நடக்கிறது. செப்பாக் தக்ராவ், கராத்தே, வலைப்பந்து, கிரிக்கெட் எதுவும் பட்டியலில் இல்லை. ஹாக்கியில் பெண்களுக்கு மட்டுமே இடம், ஆண்களுக்கு என்.சி.ஏ.ஏ. ஹாக்கி என்றால் பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கிதான். நம் பையன்கள் பலர் கையில் ஹாக்கி மட்டை இருப்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அதே சமயம் பலர் கண்ணில் படாத வாய்ப்பு ஒன்று உண்டு: பெண்களுக்கான பௌலிங். 2004 முதல் அது என்.சி.ஏ.ஏ. வெற்றியாளர் பட்டப் போட்டி நடக்கும் விளையாட்டு. பௌலிங் மையங்களில் மலேசியப் பெண்கள் காட்டும் தரத்துக்கு இந்தக் கதவை இன்னும் பலர் தட்டலாம். தடகளம், நீச்சல், முக்குளிப்பு, டென்னிஸ், கோல்ஃப், காற்பந்து, கைப்பந்து, கூடைப்பந்து ஆகியவற்றுக்கு வழி இருக்கிறது.

ஸ்குவாஷ் தனிக் கதை. பினாங்கு முன்னாள் உலகச் சாம்பியன் நிக்கோல் டேவிட்டின் ஊர். புக்கிட் டும்பாரில் அவர் பெயரிலேயே ஸ்குவாஷ் மையம் இருக்கிறது. அங்கிருந்து அமெரிக்காவைப் பார்க்கும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது: கல்லூரி ஸ்குவாஷை நடத்துவது என்.சி.ஏ.ஏ. அல்ல, காலேஜ் ஸ்குவாஷ் அசோசியேஷன் என்ற தனி அமைப்பு. வலுவான அணிகளில் பல ஹார்வர்ட், பிரின்ஸ்டன், பென்சில்வேனியா, கோர்னெல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றன. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று ஒரு காசு உபகாரச் சம்பளம் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி மட்டுமே உண்டு. என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் கடைசியான டிவிஷன் 3 கல்லூரிகளிலும் விளையாட்டு உபகாரச் சம்பளம் இல்லை. ஸ்குவாஷில் 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 ஆட்டங்களை வென்ற டிரினிட்டி கல்லூரி அந்த வகைதான். ‘ஹார்வர்டில் முழு ஸ்குவாஷ் ஸ்காலர்ஷிப்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் வருமானம் குறைந்த, படிப்பில் கெட்டியான பிள்ளைக்கு ஐவி தரும் தேவை சார்ந்த உதவி, பல டிவிஷன் 1 கல்லூரிகளின் பகுதி உபகாரச் சம்பளத்தைவிட மிகப் பெரியதாக இருக்கலாம். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற சிவசங்கரி சுப்பிரமணியம் கோர்னெலில் படித்துக்கொண்டே கல்லூரி அணிக்கு ஆடியவர் என்பதை நினைவில் வையுங்கள். அந்தப் பாதையில் முதலில் கேட்கப்படுவது மதிப்பெண் பட்டியல்.

டிவிஷன் 1 என்ற பெயரில் மயங்கவும் வேண்டாம். 100 மீட்டரில் 10.09 வினாடியில் தேசியச் சாதனை படைத்த முகமது அசீம் ஃபாமி ஆபர்ன் என்ற டிவிஷன் 1 பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஈப்போவின் ஷெரீன் சாம்சன் வல்லபாய் படித்த வினோனா ஸ்டேட் டிவிஷன் 2. அங்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் பெண்கள் 400 மீட்டரில் ராபியா அப்துல் சலாமின் பல்லாண்டுத் தேசியச் சாதனையை அவர் முறியடித்தார். என்.ஏ.ஐ.ஏ. என்ற தனிச் சங்கத்தின் கல்லூரிகளும், இரண்டாண்டுப் படிப்புள்ள என்.ஜே.சி.ஏ.ஏ. கல்லூரிகளும் உபகாரச் சம்பளம் தருகின்றன. பேக்கேஜ் விற்பவர் இந்த நான்கு வாசல்களையும் பற்றிப் பேசவில்லை என்றால் அவர் கையில் இருப்பது பெரிய பெயர்ப் பட்டியல் மட்டும்தான்.

இனி, பேக்கேஜில் அதிகம் பெருமையடிக்கும் ‘திறன் மதிப்பீடு’. இதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம். தடகளத்துக்கு டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளத்தில் அமெரிக்கக் கல்லூரிப் போட்டி முடிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விரும்பும் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது எந்தக் கல்லூரிகளின் குழுவில், ஆடுகிறது என்று பாருங்கள். அந்தக் கான்ஃபரன்ஸ் வெற்றியாளர் போட்டியின் முடிவைத் திறந்து, பிள்ளையின் பிரிவில் எட்டாவது இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் எட்டு? பொதுவாக எட்டு இடம் வரைதான் அணிக்குப் புள்ளி. பயிற்றுநர் உபகாரச் சம்பளம் கொடுப்பது புள்ளிக்காக. பிள்ளையின் நேரம் அந்த எட்டாவது இடத்துக்கு அருகில் இருந்தால் பேச்சுக்கு இடம் உண்டு. வெகு தொலைவில் இருந்தால் அடுத்த கான்ஃபரன்ஸைப் பாருங்கள். பத்துக் கல்லூரிகளுக்கு இதைச் செய்ய ஒரு மாலைப் பொழுது போதும். எந்த முகவரின் அறிக்கையும் இவ்வளவு தெளிவாக உண்மையைச் சொல்லாது.

அந்த ஒப்பீடு நேர்மையாக இருக்க நேரம் மின்னணுக் கருவியில் எடுத்ததாக இருக்க வேண்டும். பள்ளி, மாவட்டப் போட்டிகளில் கைக்கடிகாரத்தில் எடுத்த நேரத்தைப் பயிற்றுநர்கள் நம்புவதில்லை; 100 மீட்டரில் குறைந்தது 0.24 வினாடியைக் கூட்டித்தான் படிப்பார்கள். 100, 200 மீட்டர், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் என்றால் காற்றின் வேகத்தையும் எழுத வேண்டும். வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அந்தப் பதிவு கணக்கில் வராது. ஆகவே வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது மின்னணு நேரக் கருவி வைத்த ஓப்பன் போட்டிகளில் ஓட வையுங்கள். பேருந்துச் செலவுதான், ஆனால் பேக்கேஜில் வரும் சுயவிவரப் பக்கத்தைவிட அந்த ஒற்றை வரி முடிவுக்கு மதிப்பு அதிகம்.

நீச்சலில் இன்னொரு குழப்பம். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகள் 25 யார்டு குளத்தில் நடக்கின்றன. 100 யார்டு என்பது 91.44 மீட்டர்தான், சுவரைத் தொட்டுத் திரும்புவதும் அதிகம். நம் 50 மீட்டர் குள நேரத்தை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்த்து ‘வாய்ப்பே இல்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்விம்கிளவுட் தளத்தில் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம், குறிப்பிட்ட அணியில் பிள்ளை எத்தனையாவது இடத்தில் நிற்பாள் என்றும் பார்க்கலாம். டென்னிஸுக்கு, ஆட்டத் தரத்தைக் காட்டும் யு.டி.ஆர். எண் இல்லாமல் மின்னஞ்சல் அனுப்புவதில் பயனில்லை.

அதோடு அணிப் பட்டியலையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எத்தனையாவது ஆண்டு என்று இருக்கும். பிள்ளை சேரும் ஆண்டுக்கு முன் யார் யார் படிப்பை முடித்துப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். அத்தனை இடம்தான் காலியாகும். 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, கல்லூரி விளையாட்டாளர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு இது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. சமரசத்தில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளில் உபகாரச் சம்பள எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியின் தலைக்கணக்குக்கு வரம்பு வந்திருக்கிறது. தடகளத்துக்கு 45, நீச்சலுக்கு 30, டென்னிஸுக்கு 10, கோல்ஃபுக்கு 9. எல்லாருக்கும் முழு உபகாரச் சம்பளம் தர விதி இடம் கொடுக்கிறது, ஆனால் பணம் இருக்கும் கல்லூரிதான் தரும். மறுபக்கம், ‘முதல் வருடம் உபகாரச் சம்பளம் இல்லாமல் சேருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று வளரும் பிள்ளையை எடுத்துவைக்கும் இடங்கள் சுருங்கிவிட்டன. வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும், ஏற்கெனவே தேறிய விளையாட்டாளர்களையும் பயிற்றுநர்கள் தேடுகிறார்கள். சமரசத்துக்கு முந்தைய வெற்றிக் கதைகளைக் காட்டி விற்கும் பேக்கேஜை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனம் கேட்கும் இடம் பள்ளிக் காகிதம். பிள்ளைகளின் வாய்ப்பு நழுவுவது பெரும்பாலும் இங்கேதான், ஓடுதளத்தில் அல்ல. என்.சி.ஏ.ஏ. ஒன்பதாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண்களையும் கேட்கிறது. நம் கணக்கில் அது படிவம் 3. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ் ஒன்றை மட்டும் அனுப்பினால் போதாது. படிவம் 5 முடித்து வெளியே வந்தபின் படிவம் 3-இன் பதிவைக் கேட்டுப் பள்ளி அலுவலகத்துக்குப் போனால், பழைய தாளைத் தேடிக் கிராணி அலமாரியைக் குடைய வேண்டிவரும். அந்தந்த ஆண்டு முடியும்போதே பள்ளி முத்திரையும் முதல்வர் கையெழுத்தும் போட்டு இரண்டு பிரதி வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை வெளிநாட்டவர் கண்ணால் படித்துப் பாருங்கள். கீழ்ப்படிவங்களின் வகுப்பறை மதிப்பீட்டில் ‘டி.பி. 5’ என்று எழுதியிருக்கும். தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை என்பது நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அதைப் பார்ப்பவருக்கு அது நூற்றுக்கு ஐந்தா, பத்துக்கு ஐந்தா என்று புரியாது. பள்ளியின் தலைப்புத் தாளில், மதிப்பீட்டு முறையை விளக்கும் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றை முதல்வரிடம் கேட்டு வாங்கி இணையுங்கள். எஸ்.பி.எம். தரநிலைகள் ஏ பிளஸிலிருந்து ஜி வரை என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஆவணங்கள் மலாய் மொழியில் இருப்பதால் மூலத்தோடு வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும், அது அத்தாட்சி பெற்றதாகவும் வேண்டும். வங்சா மாஜுவில் இருக்கும் ஐ.டி.பி.எம். எனப்படும் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனம் இதைச் செய்து தருகிறது. இதற்குக் கொடுக்கும் காசு முழுக்கத் தகும்.

டிவிஷன் 1-க்கும் 2-க்கும் 16 முக்கியப் பாடங்கள் வேண்டும்: மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அவற்றோடு சில கூடுதல் பாடங்கள். இவற்றின் சராசரி, 4.0 அளவில், டிவிஷன் 1-க்கு 2.3, டிவிஷன் 2-க்கு 2.2 இருக்க வேண்டும். உடற்கல்வியும் ஓவியமும் கணக்கில் வராது. வேற்று மொழிப் பாடங்கள் கூடுதல் பாடங்களில் சேரும் என்பதால், எஸ்.பி.எம்.மில் தமிழை ‘அமெரிக்காவுக்கு எதற்கு’ என்று சொல்லிக் கைவிடச் சொல்லும் ஆலோசகரின் பேச்சைக் கேட்க வேண்டாம். எஸ்.பி.எம்.மில் இ வாங்கினாலும் தேர்ச்சிதான் என்ற ஆறுதலும் இங்கே செல்லாது; அப்படி நாலைந்து இருந்தால் சராசரி 2.3-ஐத் தொடுவது சிரமமாகிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுகளான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. மதிப்பெண் தகுதி மையத்துக்கு 2023 முதல் தேவையில்லை. ஆனால் கல்லூரி கேட்கலாம். ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் போன்றவை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. ‘எஸ்.ஏ.டி. வேண்டாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் பேக்கேஜ் பாதி விதியைத்தான் படித்திருக்கிறது.

என்.சி.ஏ.ஏ. கணக்குத் திறந்து தருவதாகச் சொல்லி ஒரு தொகை போட்டிருப்பார்கள். இலவசச் சுயவிவரக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து நிமிட வேலை. கட்டணம் கட்டும் சான்றளிப்புக் கணக்கு இருநூறு டாலருக்குள்தான் வரும், அதையும் முதல் நாளே கட்ட அவசரமில்லை. ஏதாவது ஒரு டிவிஷன் 1 அல்லது 2 கல்லூரி ‘இவர் எங்களுக்கு வேண்டும்’ என்று பிள்ளையின் பெயரைத் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்த பிறகே மையம் இறுதி மதிப்பீட்டை முடிக்கும். பயிற்றுநர் மும்முரமாகப் பேசத் தொடங்கியதும் கட்டினால் சரி.

எஸ்.பி.எம். முடித்தபின் என்ன செய்கிறார்கள் என்பதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. முடிவுக்காகக் காத்திருக்கும்போது, ‘சும்மா ஏன் இருக்க வேண்டும், அமெரிக்கப் பட்ட மாற்றுத் திட்டத்தில் (ஏ.டி.பி.) சேர்த்துவிடலாம், பிறகு அங்கே போகலாம்’ என்று கிள்ளான் பள்ளத்தாக்குக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். படிப்புக்கு அது நல்ல வழிதான். விளையாட்டுக்கு அப்படி அல்ல. உலகின் எந்த மூலையிலும் முழுநேரக் கல்லூரி மாணவராகப் பதிந்த நாளிலிருந்து டிவிஷன் 1-இன் ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பிள்ளை அமெரிக்கா போய் இறங்கும்போது மாற்றலாகி வரும் மாணவராகிவிடுவார். ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ கரைந்திருக்கும். எதிலும் சேராமல் போட்டிகளில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தாலும் வரம்பு உண்டு. பெரும்பாலான விளையாட்டுகளில் ஓர் ஆண்டு, டென்னிஸில் ஆறு மாதம் என்று அது நெடுநாள் இருந்து வந்தது. தகுதிக் கால விதிகளைத் திருத்தும் பேச்சு அங்கே தொடர்ந்து நடப்பதால், பிள்ளையின் எஸ்.பி.எம். தேதி, அதன்பின் ஆடிய போட்டிகள் எல்லாவற்றையும் எழுதி, விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடமே எழுத்தில் பதில் வாங்குங்கள். பயிற்றுநர் தொலைபேசியில் ‘பிரச்சினை இல்லை’ என்று சொல்வது போதாது. படிவம் 6-ஆ, ஏ.டி.பி.யா என்று முடிவெடுக்கும் முன் இந்த ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். பேக்கேஜ் விற்பவர் இதைத் தானாக எடுத்துச் சொன்னால் அவருக்கு நல்ல மதிப்பெண் போடலாம்.

பரிசுப் பணம் வாங்கும் பிள்ளை என்றால், குறிப்பாக டென்னிஸிலும் ஸ்குவாஷிலும், ஒவ்வொரு போட்டிக்கும் போக்குவரத்து, தங்குமிடம், நுழைவுக் கட்டண ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். வாங்கியது செலவுக்குள் அடங்கியதா என்ற கேள்வி வரலாம்.

மின்னஞ்சலுக்கு வருவோம். ‘ஐந்நூறு பயிற்றுநர்களுக்கு அனுப்புகிறோம்’ என்பது பேக்கேஜின் பெரிய கவர்ச்சி. ஒரே வாசகம், ஒரே வார்ப்பு, அனுப்புநர் பெயரில் ஒரு நிறுவனம். பயிற்றுநரின் பெட்டியில் இப்படி நாள்தோறும் வந்து குவிகின்றன. பிள்ளை தன் சொந்த முகவரியிலிருந்து இருபது பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுவது பத்து மடங்கு நல்லது. தலைப்பு வரியிலேயே விஷயம் முடிந்துவிட வேண்டும்: சேரும் ஆண்டு, பிரிவு, சிறந்த பதிவு, நாடு. ‘2028 ஆகஸ்ட், பெண்கள் 400 மீ. தடை, 61.90 மின்னணு நேரம், மலேசியா’ என்பது போல. உள்ளே முதல் வரியில் முடிவைச் சரிபார்க்கும் இணைப்பு. அடுத்த வரியில் அந்த அணியைப் பற்றி உண்மையாக ஒன்று: ‘உங்கள் அணியில் தடை ஓட்டக்காரர் இருவர் அடுத்த ஆண்டு பட்டம் பெறுகிறார்கள், அந்த இடத்துக்கு எழுதுகிறேன்.’ பிறகு மதிப்பெண் சுருக்கம், எஸ்.பி.எம். தேதி, காணொளி இணைப்பு, பயிற்றுநர் தொடர்பு, +60 தொடங்கும் வாட்சாப் எண். பன்னிரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அப்பா எழுதியது போல் தெரிந்தால் பயிற்றுநர் அப்பாவைத்தான் மதிப்பிடுவார். அமெரிக்கக் கிழக்குக் கரை கோடையில் நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்று. இங்கே இரவு ஒன்பதுக்கு அனுப்பினால் அங்கே காலையில் பெட்டியின் மேல்பக்கம் இருக்கும்.

பதில் வராவிட்டால் உடனே மனம் தளர வேண்டாம். பெரும்பாலான டிவிஷன் 1 விளையாட்டுகளில், பத்தாம் ஆண்டு முடிந்து வரும் ஜூன் 15-க்கு முன் பயிற்றுநர் தனிப்பட்ட பதில் எழுத விதி அனுமதிப்பதில்லை. ஆனால் வந்ததைப் படிப்பார், பெயரைக் குறித்துக்கொள்வார். அணியின் இணையப் பக்கத்தில் இருக்கும் வினாப் படிவத்தையும் நிரப்பி வையுங்கள், அதற்குக் காசில்லை.

காணொளித் தயாரிப்புக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். வேண்டாம். ஸ்குவாஷுக்குப் பின்பக்கக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேல் கைத்தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, வெட்டாமல் ஒரு முழு கேம் எடுங்கள். தோற்ற புள்ளிகளும் இருக்கட்டும். புள்ளி போனபின் பிள்ளை எப்படித் திரும்பி நடந்து வருகிறாள் என்பதைப் பயிற்றுநர்கள் பார்ப்பார்கள். பின்னணி இசை, மெதுவோட்டம், பறக்கும் எழுத்து எதுவும் சேர்க்காதீர்கள். தாண்டுதல், எறிதல் என்றால் பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து ஒன்று. ஓட்டத்துக்குக் காணொளியைவிட முடிவுத்தாள் முக்கியம்.

‘முழு உபகாரச் சம்பளம்’ என்ற சொல்லையும் பிரித்துக் கேட்க வேண்டும். படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்ந்ததா? எத்தனை ஆண்டுக்கு எழுதித் தருகிறார்கள்? மருத்துவக் காப்புறுதி, கோடை விடுமுறைத் தங்கல், விமானச் சீட்டு யார் பொறுப்பு? யாரும் வாய் திறக்காத ஒன்று வரி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு உபகாரச் சம்பளத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி வரிக்கு உட்பட்டது. பொதுவாக 14 விழுக்காடு பிடிப்பார்கள். இதைக் குறைக்க மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே வருமான வரி ஒப்பந்தமும் இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் 12,000 டாலர் என்றால் 1,680 டாலர் கையிலிருந்து போகும். பெயர், படம் மூலம் விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்ற பேச்சையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எஃப்-1 விசாவின் வேலைக் கட்டுப்பாடு அதற்குக் குறுக்கே நிற்கிறது.

தேவை சார்ந்த உதவி தரும் கல்லூரிகளுக்கு சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற படிவம் நிரப்ப வேண்டும். அதற்குப் பெற்றோரின் ஆண்டுச் சம்பள அறிக்கையான இ.ஏ. படிவம், வருமான வரித் தாக்கல் நகல், சேமநிதி அறிக்கை, வங்கிக் கணக்கு விவரம் தயாராக இருக்கட்டும். சொந்தத் தொழில் செய்பவர்கள் கணக்குப் புத்தகத்தை ஓர் ஆண்டு முன்பே ஒழுங்குபடுத்துவது நல்லது. ஐவி, டிவிஷன் 3 பயிற்றுநர்கள், பள்ளி இறுதியாண்டுக்கு முந்தைய ஜூலை அளவில் மதிப்பெண்களைச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி முன்கூட்டியே கருத்துக் கேட்பார்கள். அதே நேரத்தில் நிதி உதவியையும் முன்மதிப்பீடு செய்து தரச் சொல்லிப் பயிற்றுநரிடம் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை, கேட்காமல் போனால்தான் ஏப்ரலில் அதிர்ச்சி.

ஆக எதற்குக் காசு கொடுக்கலாம்? அத்தாட்சி பெற்ற மொழிபெயர்ப்புக்கு. தேவைப்பட்டால் எஸ்.ஏ.டி., ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்கு. மின்னணு நேரம் எடுக்கும் போட்டிகளுக்குப் போக. பிள்ளையின் காகிதங்களை வைத்துக்கொண்டு தகுதிக் கடிகாரத்தைக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவரிடம், மணிக்கணக்கில் பணம் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார. பொதுவான சேர்க்கை ஆலோசனைக்குக் கோலாலம்பூரில் மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற அமைப்பான மேசீயின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. மையம் இருக்கிறது. எந்தக் கல்லூரிக்கும் ஆள் பிடித்துத் தராதவர்கள் என்பதால் முதலில் அங்கே போவது நல்லது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், ஆங்கிலக் கடிதப் போக்குவரத்து சிரமம் என்றால் நிலையான கட்டணத்தில் ஒருவரை வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அப்போதும் மின்னஞ்சல் பிள்ளையின் முகவரியிலிருந்து போக வேண்டும்; தகுதி மையக் கணக்கின் கடவுச்சொல் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வரும் ஒவ்வொரு பதிலின் நகலும் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பித் தரும் நிபந்தனையையும் படியுங்கள். ‘ஒரு பயிற்றுநரிடமிருந்து பதில் வந்தாலே சேவை நிறைவேறியது’ என்ற வாசகம் இருந்தால், ‘நன்றி, வினாப் படிவத்தை நிரப்பவும்’ என்ற தானியங்கிப் பதிலும் அதில் அடங்கிவிடும். அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குப் பதில் எத்தனை கல்லூரிகளோடு பிள்ளை நேரடியாகக் காணொளி அழைப்பில் பேச ஏற்பாடு செய்வார்கள் என்று எண்ணிக்கை போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், பினாங்கிலிருந்து விசா நேர்காணலுக்குக் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக் வரை வந்துபோகும் செலவுக்கு அந்த முன்பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.